விரல் மடங்குமா என்று கேட்டேன்

முருகன் அடியார்களுக்கு வணக்கம். நான் ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் செடிகளின் கிளைகளைக் கழித்துக் கவ்வாத்து வெட்டுகிறவன். எனக்கு நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன்.

1996-இல் எங்களை மேற்பார்க்கும் கவ்வாத்துக் கங்காணி வேலையை விட்டு நின்றார். அந்த இடம் எனக்குத்தான் என்று நம்பியிருந்தேன். கிடைத்தால் கதிர்காமத்துக்கு நடந்தே வந்து காவடி எடுப்பதாக முருகனிடம் பேசியும் வைத்திருந்தேன். வேலை என் மச்சான் ராமனுக்குப் போனது. அன்றோடு நான் முருகனிடம் பேசுவதை நிறுத்தினேன்.

அதற்குப் பிறகு வேண்டா வெறுப்பாகத்தான் வெட்டினேன். தேயிலைக் கிளையைச் சாய்வாக, வழவழவென்று வெட்ட வேண்டும். அப்போதுதான் வெட்டில் மழைத்தண்ணீர் தேங்காது. தேங்கினால் கிளை உளுத்துப்போகும். எல்லாம் தெரிந்தும் பிய்த்து வைத்தேன். காலையில் கத்தி தீட்டுவதையும் விட்டுவிட்டேன்.

"கத்திய தீட்டிட்டுப் போனா என்னங்க?" என்று என் மனைவி செல்லம்மா கேட்டாள்.

"தீட்டினா மட்டும் கங்காணி ஆக்கிருவாங்களா?" என்றேன்.

அந்த வாரமே, மொட்டைக் கத்தி தடித்த கிளையில் வழுக்கி என் இடது கையில் இறங்கியது. நடுவிரலும் மோதிரவிரலும் மடங்கவில்லை. தோட்டத்து லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் அழுதேன். எனக்குத் தெரிந்தது அந்த ஒரு வேலைதான். வீட்டில் இரண்டு பிள்ளைகள்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிட வயதில் சிறியவர். "வெரல் மடங்குமாங்க ஐயா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டேன்.

"அதை இப்ப சொல்லேலாது. தைக்கிறது என்ர வேலை, அதை வடிவாச் செய்யிறன். நீங்கள் கையை ஆட்டாமல் வச்சிருங்கோ" என்றார்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு தையல் அவருக்குப் பிடிக்கவில்லை போலும், பிரித்துத் திரும்பவும் போட்டார். பிரிக்காவிட்டாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்கு வெட்கமாக இருந்தது.

வார்டில் படுத்துக்கொண்டு வெகுநாளைக்குப் பிறகு கும்பிட்டேன். "முருகா, கங்காணி வேல வேணாம். வெரல் மடங்கினாலும் மடங்காட்டியும் இனிமே ஒழுங்கா வெட்டுறேன்" என்றேன். சொல்லிவிட்டு, மடங்கினால் நல்லது என்றும் சேர்த்துக்கொண்டேன். பொய் சொல்வானேன்.

இரண்டு மாதத்தில் நடுவிரல் மடங்கியது. மோதிரவிரல் இன்றுவரை விறைப்பாகத்தான் இருக்கிறது. கிளையைப் பிடிக்க நடுவிரல் போதும். டாக்டருக்கு விரலைக் காட்ட ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு பதுளைக்குப் போனேன். "அவருக்கு மாத்தம் கெடச்சுப் போயிட்டாருங்க" என்றார்கள். எந்த ஊருக்கு என்று அங்கே நின்றவர்களுக்குத் தெரியவில்லை. பழத்தை வார்டில் இருந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வேலைக்குத் திரும்பியதும், முன்பு வெட்டிய தேயிலை மலையில் நான் பிய்த்து வைத்திருந்த வெட்டுகளை, அன்றன்றைய வேலை முடிந்த பிறகு ஒவ்வொன்றாகச் சாய்த்து வெட்டினேன். "அத யாரு மச்சான் பாக்கப் போறா?" என்று ராமன் கேட்டான். நான் அடுத்த கிளைக்குப் போனேன். கத்தி நன்றாக ஓடியது. மனது லேசாக இருந்தது. முருகன் எனக்குக் கொடுத்தது விரலை மட்டுமல்ல.

இப்போது 2005. நான் கங்காணி ஆகவில்லை. நான் வெட்டிய மலையில் கொழுந்து பறிக்கிறவர்களுக்கு, அதை வெட்டியது யார் என்று தெரியாது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்களுக்கும் மனக்கசப்பு இருந்தால் முருகனிடம் கொட்டுங்கள். கொட்டிவிட்டு உங்கள் வேலைக்குப் போங்கள். மற்றதை அவன் பார்த்துக்கொள்வான்.

தைப்பூசத்துக்குத் தைப்பூசம் தோட்டத்துக் கோயிலில் அந்த டாக்டருக்காக அர்ச்சனைத் தட்டுக் கொடுக்கிறேன். முதல் வருடம் பூசாரி பேரும் நட்சத்திரமும் கேட்டார்.

"தெரியாதுங்க. என் கையத் தச்சவரு."

"அப்ப சாமி பேருக்கே பண்ணிருவோம்" என்றார் பூசாரி. அன்றிலிருந்து அப்படித்தான் நடக்கிறது.