ஆளுக்கொரு கால்கூட வராத குதிரை

ரத்தப் பரிசோதனை முடிவு வந்த காலை, என் மேலதிகாரி லிண்டா லாயத்துக்குள் வந்து ஒரே கேள்விதான் கேட்டாள்: “குதிரைக்குக் கற்பூரம் கொடுத்தது யார்?”

ஆக்லாந்தில் ஏற்றுமதிக் குதிரைகளுக்கான குவாரண்டைன் லாயத்தில் நான் பொறுப்பாளன். மூன்று நாளில் அந்தப் பெண்குதிரை ஜப்பானுக்கு விமானம் ஏற வேண்டும். அங்கே புல்தரையில் நடக்கும் சர்வதேசப் பந்தயத்துக்கு அழைப்பு வருவதே பெரிய விஷயம். பந்தயக் குதிரைக்குக் கற்பூரம் தடைசெய்யப்பட்ட மருந்து; உடம்பில் இருந்தால் பயணம் ரத்து.

சொந்தக்காரர்கள் பத்துப் பேர். ஆக்லாந்தின் ஹில்ஸ்பரோ முதல் கிளென்ஃபீல்ட் வரை இருக்கும் நம் ஊர் ஐ.டி.காரர்களும் டாக்டர்களும். பங்கு பிரித்தால் ஆளுக்கு ஒரு கால்கூட வராது. பேச்சில் மட்டும் ஒவ்வொருவரிடமும் முழுக் குதிரை இருந்தது.

முந்தின வாரம் அவர்களில் ஒருவரான ரகுராமன் நான்கு எலுமிச்சம்பழத்தோடு வந்திருந்தார்.

“அண்ணே, நாலு குளம்புக்கும் அடியில வச்சு நசுக்கிட்டா போதும். ரெண்டே நிமிஷம்.”

“சார், இது புதுக் கார் இல்ல. உதைக்கும்.”

உள்ளே விடவில்லை. வெளியாள் கூடாது, வெளித்தீனி கூடாது என்று சட்டம் முழுவதையும் ஒப்பித்தேன். எனக்கே என்மேல் மரியாதை வந்தது. மனிதர் முகம் தொங்கிப்போய், கோயில் பிரசாதம் என்று ஒரு டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

லிண்டா கேட்டதும் அவருக்குத்தான் போன் போட்டேன். “ஏன் சார் இப்படிப் பண்ணீங்க?”

“நான் உள்ளயே வரலையேண்ணே. சக்கரைப் பொங்கல உங்ககிட்டதான குடுத்தேன்?”

அதற்குள் லிண்டா கேமரா பதிவை ஓடவிட்டாள். அதில் நான் ஸ்டூலில் உட்கார்ந்து, எனக்கு ஒரு வாய், குதிரைக்கு ஒரு வாய் என்று ஊட்டிக்கொண்டிருந்தேன். அன்று பொங்கலில் பச்சைக் கற்பூரம் மணந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பிரசாதமும் தீனிதான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

மறுபரிசோதனை முடிவு சுத்தமாக வந்தது. விமானம் முந்தின நாளே போய்விட்டது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: சட்டத்தை அடுத்தவருக்கு ஒப்பிப்பது சுலபம், தப்பைத் தன் வாயால் சொல்வதுதான் வேலை. பத்துப் பேருக்கும் நானே போன் செய்தேன். ரகுராமன் இரக்கப்பட்டார்.

“சாமிக்கே இஷ்டமில்ல போலண்ணே. விடுங்க.”

சாமி தலையில் போட்டுவிட ஆசையாகத்தான் இருந்தது.

“சாமி இல்ல சார், நான்தான்,” என்றேன்.