லெட்சுமி சொன்னதும் நான் சொன்னதும்

போகமாட்டேன் என்று ஒரு பெண் சொன்னாள். சந்தோஷமாகப் போகிறாள் என்று நான் மொழிபெயர்த்தேன்.

தெரியாமல் செய்த பிழையல்ல. தமிழும் ஆங்கிலமும் எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் செய்தேன்!

இதைப் படித்துவிட்டு நீங்கள் என்னை எப்படி ஏசினாலும், நானே என்னை ஏசிக்கொண்டதைவிட அது கடுமையாக இருக்காது...

எழுபதுகளின் தொடக்கம் அது. இலங்கையில், நமுனுகுல மலையடியில் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியன். என் தகப்பனார் அதே தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்க்கும் பெரிய கங்காணி. இலங்கை, இந்திய அரசுகள் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, இங்கேயே பிறந்து இங்கேயே கொழுந்து பறித்தவர்களை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் மிரேன் என்ற பெண்மணி வந்தார். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் பாஸ்க் ஆய்வுத் துறையில் அவர் ஆய்வாளர். பாஸ்க் என்று ஓர் இனம் இருப்பதே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் இடையிலுள்ள மலைகளில் வாழ்கிறவர்கள். வேறெந்த மொழியோடும் உறவில்லாத ஒரு மொழியைப் பேசுகிறவர்கள். பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்கு ஆடு மேய்க்கப் போன பாஸ்க் மக்களில் மிரேனின் அப்பாவும் ஒருவர்.

அந்த மேய்ப்பர்களைத் தேடிப் போய், அவர்கள் பேச்சை ஒலிநாடாவில் பதிந்து ஆராய்வது மிரேனுடைய துறையின் பணி. கூலிக்காகக் கடல் கடந்த இன்னொரு மலைச் சனத்தோடு அவர்களை ஒப்பிட்டு எழுத வேண்டும் என்று மிரேன் இங்கே வந்திருந்தார். தோட்டத்துத் துரை அவரைத் தன் பங்களாவிலேயே தங்கவைத்தார். நான் மொழிபெயர்ப்பாளன்.

தொழிலாளர்கள் குடியிருந்த லயம் லயமாகப் போவோம். மேய்ப்பர்களிடம் கேட்ட அதே கேள்வியை இங்கேயும் கேட்பார். “உங்களுக்கு ஊர் என்றால் எது?”

லெட்சுமியிடமும் கேட்டார். அவள் புருஷனை இழந்தவள். பிள்ளை குட்டி இல்லை. காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணிமாரை எதிர்த்துப் பேசுகிற ஒரே பெண்.

“இதாங்க என் ஊரு. நா எங்கயும் போகமாட்டேன். அரிசிக் கூப்பனுக்குன்னு சொல்லி பெரிய கங்காணி எங்கிட்ட கைநாட்டு வாங்கிட்டாரு. பாத்தா அது இந்தியாவுக்குப் போற மனுவாம்! எம்புருசன பொதச்சது இங்க. அங்க எனக்கு யாருங்க இருக்கா? தொரகிட்ட ஒரு வார்த்த சொல்லச் சொல்லி இந்தத் தொரசானிகிட்ட சொல்லுங்க மாஸ்டர்.”

பெரிய கங்காணி... என் அப்பா!

அந்த நிமிடம்வரை எனக்கு எதுவும் தெரியாது. ஒலிநாடா சுழன்றுகொண்டிருந்தது. மிரேன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்தியாதான் தன் ஊர் என்கிறார். போவதில் சந்தோஷமாம்” என்றேன்.

“அப்படியானால் ஏன் அழுகிறார்?”

“சந்தோஷத்தில்” என்றேன்.

அந்தச் சொல் எவ்வளவு எளிதாக வந்தது! நடுக்கமில்லை, தடுமாற்றமில்லை. என் வாயிலிருந்துதான் வந்ததா?

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் கேட்டேன். அவர் மறுக்கவேயில்லை. “வாயாடுறவ அவ. போய்த் தொலைஞ்சாதான் மலையில வேல ஒழுங்கா நடக்கும். நீ ஒன் சோலியப் பாரு” என்றார்.

நான் என் சோலியைப் பார்த்தேன்.

மிரேன் அதன்பிறகும் பல நாள் பங்களாவில்தான் இருந்தார். நடந்து போனால் எட்டிவிடுகிற தூரம். போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அப்பாவின் வேலை, என் வேலை, எங்கள் மரியாதை... எதை நினைத்து நின்றேன்? எல்லாவற்றையும்தான்.

இந்தியாவுக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு ரயில் புறப்பட்ட அன்று, பதுளை நிலையத்தில் ஒப்பாரி கேட்டுக்கொண்டேயிருந்தது. அந்தக் கோச்சியில்தான் லெட்சுமியும் போனாள். ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தொரசானிகிட்ட சொன்னீங்கல்ல மாஸ்டர்?”

“சொன்னேன்” என்றேன்.

இரண்டாவது பொய்! முதல் பொய்க்காவது அப்பா என்று ஒரு சாக்கு இருந்தது. இதற்கு என்ன சாக்கு? நீங்களே சொல்லுங்கள்...

மிரேனின் ஆய்வுக் கட்டுரை அச்சாகி வந்தது. தாயகம் திரும்புகிறவரின் ஆனந்தத்துக்கு லெட்சுமியின் கண்ணீரை உதாரணம் காட்டியிருந்தார். நன்றியுரையில் என் பெயர். அதைக் காட்டித்தான் பதுளை நகரத்தில் நல்ல பாடசாலை ஒன்றுக்கு மாறினேன். அப்பா கௌரவமாக ஓய்வு பெற்று, கௌரவமாகவே செத்தும் போனார்.

வருடங்கள் கழித்து, முன்னறிவிப்பு ஏதுமின்றி என் வீட்டு வாசலில் மிரேன் நின்றார். தலை நரைத்திருந்தது. நான் ஆங்கிலத்தில் வரவேற்றேன்.

“சொகமா இருக்கீங்களா மாஸ்டர்?” என்றார்.

தமிழ்! அதுவும் எங்கள் லயத்துத் தமிழ்! அந்த ஒலிநாடாக்களில் சிலவற்றைப் பாடமாக வைத்துக்கொண்டு படித்தாராம். இந்த மக்களைப் பற்றி எழுதிவிட்டு அவர்கள் மொழி தெரியாமலிருப்பது வெட்கமாக இருந்ததாம். எதற்காக வந்திருக்கிறார் என்று அப்போதே புரிந்துவிட்டது.

“இந்தியாவுல லெட்சுமியத் தேடிப் போய்ப் பாத்தேன்” என்றார். “கொடைக்கானல் பக்கம், ரோட்டுக்குக் கல்லு ஒடைக்கிறாங்க. என்னையப் பாத்ததும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க. ‘மாஸ்டர் அம்புட்டுச் சொல்லியும் நீங்க ஏன் ஒண்ணும் செய்யல’ன்னு கேட்டாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?” என்றேன்.

“எனக்கு ஒண்ணும் வெளங்கல. திரும்பிப் போய் அவங்க பேசுன நாடாவ மொத தடவயா தமிழ்லயே கேட்டேன். அப்பதான் வெளங்குச்சு.”

இத்தனை வருடங்களாக லெட்சுமி சபித்துக்கொண்டிருந்தது என்னையல்ல... மிரேனை! என்னைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் இளகியதாம். “மாஸ்டர் நல்ல மனுசன்” என்றாளாம்.

மிரேன் என்னைத் திட்டவில்லை. தன் கட்டுரை பிழையென்று மறுப்பு எழுதி அச்சிட்டுவிட்டதாகச் சொன்னார். அதில் என் பெயரைக் குறிப்பிடவில்லையாம்.

“அவங்ககிட்ட உண்மையச் சொல்லிட்டீங்களா?” என்று கேட்டேன்.

“நா எதுக்குச் சொல்லணும்? நீங்க போய்ச் சொல்லுங்க” என்றார்.

அந்த ஊரின் பெயரையும் பஸ் இறங்க வேண்டிய இடத்தையும் சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

போகிறேன் என்றுதான் அன்று நினைத்தேன். பாடசாலை விடுமுறை வரட்டும் என்றேன். விடுமுறை வந்தது. மழை விடட்டும் என்றேன். மழையும் விட்டது.

பிறகு வடக்கில் சண்டை மூண்டது. தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குப் போகும் கப்பல் நின்றுவிட்டதாக வானொலியில் சொன்னார்கள். அதைக் கேட்டதும் என் மனதில் முதலில் எழுந்தது என்ன தெரியுமா?

நிம்மதி.