ஆறு கோய் மீன் குஞ்சுகள்

தோட்டத்துத் தொட்டியில் விட, கள்ளக்குறிச்சி வண்ணமீன் கடையில் ஆறு கோய் மீன் குஞ்சுகள் வாங்கி வந்தேன். மறுநாள் காலை ஆறும் செத்து மிதந்தன. என் மகள் அவற்றுக்குப் பெயர்கூட வைத்திருந்தாள்.

நேராகக் கடைக்குப் போய், பத்துப் பேர் முன்னால் கத்தினேன். "சீக்கு மீனை எங்க தலையில கட்டிட்டீங்களே பாய்!"

கடைக்காரர் என் வீட்டு விலாசத்தை மட்டும் கேட்டுக்கொண்டார். மதியம் கடையைச் சாத்திவிட்டு, கச்சிராயபாளையம் ரோட்டில் இருக்கும் என் வீட்டுக்கே வண்டியில் வந்தார். தொட்டித் தண்ணீரைக் கையில் அள்ளி முகர்ந்தார்.

"குழாய்த் தண்ணிங்களா?"

"ஆமா பாய். அன்னிக்கே புடிச்சு ஊத்துனேன்."

"பிளீச்சிங் வாசனை ஜாஸ்தியா கீதுங்க. ரெண்டு நாள் வெயில்ல வுட்டாதான் மீனு தாங்கும்."

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மீன் பையைக் கட்டித் தரும்போதே இதைச் சொன்னார். நான் போன் பேசிக்கொண்டே தலையாட்டினேன். நான் கத்தியபோதே அதைச் சொல்லி என் வாயை அடைத்திருக்கலாம். அவர் சொல்லவில்லை.

"தப்பு என்னுதுதான் பாய், மன்னிச்சிடுங்க" என்றேன்.

இப்போது தொட்டியில், பிறகு அவர் கொடுத்த குஞ்சுகள் வளர்கின்றன. இரை போடும்போதெல்லாம் ஒன்று உறுத்துகிறது. திட்டியது பத்துப் பேர் முன்னால். மன்னிப்புக் கேட்டது யாருமில்லாத தோட்டத்தில்.