எங்கள் கொக்கு, அவர் உப்பு

மரக்காணம் உப்பளத்தை ஒட்டி நானும் என் கணவரும் உப்பு பாக்கெட் போடும் ஷெட் நடத்துகிறோம். உப்பைக் கழுவிக் காயவைத்து, அரைத்து, அயோடின் சேர்த்து அனுப்புவோம். பாக்கெட்டில் நிற்கும் கொக்கு நான் வரைந்தது.

போன கோடையில் உணவுப் பாதுகாப்பு அதிகாரி அந்தக் கொக்கோடு வந்து நின்றார்.

"திண்டிவனத்துல ஒரு கடையில எடுத்தோம். லேப்ல பார்த்தா அயோடினே இல்லம்மா. உப்பு அனுப்புறத நிறுத்தி வைங்க."

பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். நாங்கள் எப்போதும் அச்சிடும் பேட்ச் நம்பர் அதில் இல்லை.

"சார், படம்தான் எங்களுது. உப்பு எங்களுது இல்லீங்க."

"அப்படின்னா எழுதிக் குடுங்க. விசாரிக்கிறேன்" என்றார்.

விஷயம் பரவி, பாண்டிச்சேரி கடைக்காரர்கள் ஆர்டரை நிறுத்தினார்கள். என் கணவர் வேலைக்கு வரும் பெண்களைக் கொஞ்ச நாள் வரவேண்டாம் என்று சொல்லலாமா என்றார். எனக்கு மனசு வரவில்லை. ஷெட்டைச் சுத்தம் செய்வது, சாக்கு தைப்பது என்று அதே கூலிக்கு வைத்துக்கொண்டோம்.

திண்டிவனத்தில் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தேன். படத்தைப் பதிவு செய்திருக்கிறோமா என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. இல்லை என்றேன்.

"பரவால்லக்கா. பதிவு பண்ணலைன்னாலும் முதல்ல இருந்து போட்டது நீங்கதான்னு காட்டுனா போதும். கேஸ் போடலாம்."

அதற்குள் எங்கள் கொக்கைப் போட்ட ஆளை அதிகாரி கண்டுபிடித்திருந்தார். கிளியனூர்க்காரர். கேஸுக்கு முன்னால் ஒருமுறை நேரில் கேட்டுவிடலாம் என்று தோன்றியது. பஸ்ஸில் போகும்போது திட்டுவதற்கு நிறைய வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன்.

வீட்டு வாசலில் புருஷனும் பெண்டாட்டியும் மெழுகுவர்த்தியில் பாக்கெட் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பாக்கெட்டில் என் கொக்கு.

"பிரிண்டர்கிட்ட உப்பு பாக்கெட் கேட்டேங்க. கொக்கு அழகா இருந்துச்சு, அதையே போடச் சொல்லிட்டேன். ஒரு படத்துக்குக்கூட சட்டம் இருக்குதுன்னு எனக்குத் தெரியாதுக்கா" என்றார் அவர்.

"அயோடின் போடணும்னு கூடவா தெரியாது?"

அவர் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தார். சேர்த்து வைத்ததில் பாதிகூட எனக்குச் சொல்ல வரவில்லை.

கேஸ் போடவில்லை; இனி கொக்கைப் போடுவதில்லை என்று வக்கீலம்மா முன்னிலையில் கையெழுத்தானது. மிச்ச பாக்கெட்டெல்லாம் அழிக்கப்பட்டன. அயோடின் விஷயத்தை மட்டும் நாங்கள் பேசித் தீர்க்க முடியாது, அது சாப்பிடுகிறவர்களைச் சேர்ந்தது என்று வக்கீலம்மா சொல்லிவிட்டார். அதற்குக் கிளியனூர்க்காரர் அபராதம் கட்டினார். பிறகு லைசென்ஸ் எடுத்தார். தன் பாக்கெட்டுக்குப் படம் வேண்டும் என்று என்னிடமே வந்தார். படகு ஒன்று வரைந்து கொடுத்தேன். என் கணவர் இதற்காக என்னை ஒரு வாரம் கிண்டல் செய்தார்.

இதற்கிடையில், சாக்கு தைத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி கேட்டாள்: "யக்கா, கொக்குக்கே சட்டம் இருக்குதுன்னா, எங்களுக்கு ஒரு பாத்ரூமுக்குச் சட்டம் இல்லியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வக்கீலம்மாவுக்கு போன் போட்டேன்.

"சட்டம் இருக்கட்டும், முதல்ல கட்டுங்கக்கா" என்றார்.

அதிகாரி எங்கள் உப்பைச் சோதித்து, மறுபடி அனுப்ப அனுமதி கொடுத்தபோது கொத்தனார் கூரை போட்டுக்கொண்டிருந்தார். இப்போது ஷெட்டுக்குப் பின்னால் பாத்ரூம் இருக்கிறது. பக்கத்தில் காலை நீட்டி உட்கார ஓர் அறை. மத்தியானம் சாப்பாட்டு டப்பாக்கள் அங்கேதான் திறக்கும். என் டப்பாவையும் அங்கேதான் கொண்டுபோகிறேன். வாசனை பிடித்து யாராவது ஒருத்தி கேட்பாள், "யக்கா, இன்னைக்கு என்னா மீனு?"