தென்னேரியில் பட்டுப் பாய்

மோட்டார் படகு லாரியில் வந்து சேர்ந்த அன்று, எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது என்று ஒரு சிக்கல் வந்தது. புது வண்டி என்றால் சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்கிவிட்டுக் கிளம்புவோம். படகுக்குச் சக்கரம் ஏது? காந்தி ரோட்டில் பட்டுக்கடை வாசலில், குருக்கள் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு லாரியைச் சுற்றிச் சுற்றி வந்தார். படகுக்குப் பெரிய மாலை போட்டிருந்தது. கோயிலிலிருந்து ஏதோ வாகனம் புறப்பாடு என்று நினைத்து, பஸ்ஸுக்கு நின்ற ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டது. முதலாளி கடைப் படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "சாமி, அத்த எங்க மாப்பிள்ளை கையில குடுங்க. படகு விஷயம் எல்லாம் அவருக்குத்தான் தெரியும். புடிச்சுக்கினு நிக்கட்டும்" என்றார். கூட்டம் சிரித்தது. கற்பூரம் எரிந்து அடங்கும்வரை மாப்பிள்ளை இரண்டு கையிலும் பழத்தை ஏந்திக்கொண்டு நின்றார். அப்புறம் முதலாளி கீழே இறங்கி வந்து, "ரொம்ப சந்தோசங்க மாப்ள. இப்ப அத்த லாரி டயருக்கு அடியில வச்சுட்டு வந்துடுங்க" என்றார்.

நான் அந்த வீட்டுக் கார் டிரைவர். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன். போர்டில் எழுதியிருப்பது எந்த ஊர் என்று படிக்கத் தெரியாது; புளியமரத்தையும் மாதா கோயிலையும் சாராயக்கடை இருந்த மூலையையும் வைத்துத்தான் இது வாலாஜாபாத், இது ஐயம்பேட்டை என்று திருப்புவேன். அதனால்தானோ என்னவோ, பார்த்தது எதுவும் மறப்பதில்லை. முதலாளி என்னை "டேய்" என்பார். பெற்ற பெண்ணை "ஏய்" என்பார். அதெல்லாம் எங்கள் யாருக்கும் வலித்ததில்லை. மாப்பிள்ளையை மட்டும் ஒருநாளும் மரியாதை குறைத்துப் பேசியதில்லை. சாப்பாட்டுக்கு முதல் இலை அவருக்குத்தான். தானே பக்கத்தில் நின்று பரிமாறச் சொல்லுவார். "மாப்பிள்ளைக்கு இன்னொரு வடை வைங்கம்மா. அவங்க வீட்டுல இதெல்லாம் எங்க பாத்திருக்கப் போறாரு" என்பார். ஒரு மனிதனை மரியாதையாலேயே உரிக்க முடியும் என்பதை அந்த வீட்டில்தான் பார்த்தேன்.

மாப்பிள்ளை சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த ஒருவரின் மகன். சின்ன வயதிலிருந்தே கடலில் பாய் கட்டிய படகு ஓட்டிப் பழகியவர். முதலாளிக்கு ஒரே பெண். கல்யாணம் பேசும்போதே, வீட்டோடு வந்து இருந்து கடையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லித்தான் கட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளை சென்னையிலிருந்து கொண்டு வந்தது ஒரு பெட்டியும், பழையதாக ஒரு சின்னப் பாய்மரப் படகும். அந்தப் படகை தென்னேரி ஏரிக்கரையில் முதலாளிக்கு இருந்த மாந்தோப்பில் கவிழ்த்து வைத்திருந்தார். மழைக்காலம் முடிந்து ஏரி நிரம்பி நிற்கும் மாதங்களில், ஞாயிற்றுக்கிழமை ஆனால் அங்கே போய்விடுவார். ஏரியில் படகு விட யாரிடம் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் யாரும் கேட்கவில்லை.

வேடிக்கை பார்க்கப் போன பெரிய மனிதர்களுக்கு ஆசை பிடித்துக்கொண்டது. பல் டாக்டர் ஒருவர் தானும் ஒரு பாய்மரப் படகு வாங்கினார். வாலாஜாபாத் ரைஸ்மில்காரர் மோட்டார் படகு வாங்கினார். அதைப் பார்த்து முதலாளி அதைவிடப் பெரிய மோட்டார் வாங்கினார். அப்புறம் தோப்பில் ஞாயிற்றுக்கிழமை ஆனால் கட்சி பிரிந்து சண்டைதான்.

"காத்து எப்ப வரும்னு வானத்தப் பாத்துக்கினு குந்தறதுக்கு எதுக்குய்யா படகு? வீட்டு மாடியிலயே குந்தலாமே" என்பார் ரைஸ்மில்காரர்.

"உன் படகுல போனா எனக்குக் காது போயிடுது. மில்லுல கேக்கற சத்தம் பத்தாதா உனக்கு? ஞாயித்துக்கெழமையும் அதான் வேணுமா?" என்பார் டாக்டர்.

"பல்லு புடுங்குறவன் சத்தத்தப் பத்திப் பேசறான் பாருங்க மொதலாளி."

நான் தோப்பு ஓரத்தில் தனி இலையில் சாப்பிட்டுக்கொண்டு எல்லாம் கேட்டுக்கொண்டிருப்பேன். இரண்டு வகைப் படகிலும் ஏறியவன் நான். மோட்டார் வைத்திருந்தவர்களுக்கு எப்போதும் யாராவது கூட வர வேண்டும். இல்லாவிட்டால் அவர்களுக்கு ஓட்டிய மாதிரியே இருக்காது. விருந்தாளியை ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கிழித்துப் போய் வந்து, "எப்டி?" என்று கேட்பார்கள். பாய் வைத்திருந்தவர்கள் தனியாகப் போவார்கள். திரும்பி வந்து பாயைச் சுருட்டிக் கட்டிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்கள். மாப்பிள்ளை ஒருமுறை என்னை ஏற்றிக்கொண்டு போனார். காரை இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் சத்தமே இல்லாமல் உருளுமே, அந்த மாதிரி போனது. நாரை ஒன்று பக்கத்தில் நின்றது, பறக்கவில்லை. மாப்பிள்ளை கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "இதுக்கு யாரு பெட்ரோலும் வேணாம் பாருங்க அண்ணே" என்றார். வீட்டில் அவர் பைக்குக்கு பெட்ரோல் போடக்கூட கடைக் கல்லாவில் சொல்லிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அந்த வீட்டுக்கு வந்த பிறகு அவர் முகம் மலர்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்த வருஷம் அவருக்குச் சென்னையில் படகு ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒரு கிளப்பில் வேலை கிடைத்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் தனிக்குடித்தனம் போக முடிவு செய்தார்கள். முதலாளி பெண்தான் தைரியமாக அப்பாவிடம் போய்ச் சொன்னது. அவர் கோபப்படவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோப்பில் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, வெற்றிலை மடித்துக்கொண்டே பேச்சை எடுத்தார்.

"மாப்பிள்ளை பொண்ண கூட்டிக்கினு பட்டணம் போறேன்றாரு. தாராளமா போகட்டும். ஒரே ஒரு ஆசை எனக்கு. இவரு பாய்ப் படகும் என் மோட்டாரும் அக்கரைக்குப் போவணும். அவரு பாதி ஏரி தாண்டினப்புறம்தான் நான் என் மோட்டாரத் தொடுவேன். அவரு மொதல்ல போய்ச் சேந்துட்டா, அப்டியே பொண்டாட்டிய கூட்டிக்கினு போகட்டும். நானே கார் அனுப்பறேன். நான் மொதல்ல போயிட்டா, கடைசி வரைக்கும் என் கடையில இருக்கட்டும். சரிதானுங்களே மாப்ள?"

அக்கரைப் பக்கம் தண்ணீருக்குள் முழுக்க நீர்க்கொடி. மோட்டார் போனால் விசிறியில் சுற்றிக்கொள்ளும். தூக்கித் தூக்கித்தான் போக வேண்டும். மாப்பிள்ளைக்கு அது தெரியும். சரி என்றார்.

"இன்னொண்ணு. பாய் நம்ம கடைப் பட்டா இருக்கணும். ஊரே பாக்க வரும். வெள்ளைத் துணியக் கட்டிக்கினு போனா நல்லாவா இருக்குது, எழவு வீடு மாதிரி?"

மாப்பிள்ளை முதல்முறையாக எதிர்த்துப் பேசினார். "பட்டு வேணாம் மாமா. பாய்க்கு வேற துணி. பட்டு நனஞ்சா தாங்காது."

"எங்க பட்டு தாங்காதா?" முதலாளி சுற்றிலும் பார்த்தார். "ஒரு காத்தத் தாங்காதுன்றீங்க. என் பொண்ண நீங்க எப்டிங்க தாங்கப் போறீங்க?"

மாப்பிள்ளை பாய்க்கு அளவு எடுக்க எழுந்து போனார்.

முதலாளி இதில் சூது எதுவும் செய்யவில்லை. பலபேர் அப்படிச் சொன்னார்கள், நான் நம்பவில்லை. அவருக்குத் தன் பட்டின் மேல் அப்படி ஒரு நம்பிக்கை. எங்கள் ஊர்ச் சேலையில் உடலையும் பார்டரையும் தறியில் தனித்தனி நாடா ஓட்டி நெய்து, இழைக்கு இழை கோர்த்துவிடுவார்கள். கோர்வை என்பார்கள். அந்த இடம் விடவே விடாது. அதே மாதிரி பாய்க்கும் சுற்றிலும் கனமான ஜரிகை பார்டர் வைத்துக் கோர்வையில் நெய்யச் சொன்னார். மாம்பழ நிற உடல், அரக்கு பார்டர், கோபுரம் கோபுரமாக ஜரிகை. சேலை நெய்கிறவருக்குத் தோளில் போடுவது தெரியும், காற்றில் கட்டுவது தெரியாது. நெய்து வந்த பாயைக் காமாட்சியம்மன் கோயிலில் வைத்து எடுத்து, மூலையில் மஞ்சள் தடவித்தான் கொடுத்தார்கள். மாப்பிள்ளை அதை மடியில் வைத்துக்கொண்டு, கோர்வை ஓரத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

போட்டி அன்று காலையில் முதலாளி பெண் காரில் ஏறும்போது ஒரு பெட்டியைக் கொண்டுவந்து டிக்கியில் வைக்கச் சொன்னது. "அப்பாவுக்குத் தெரிய வேணாம்ணே" என்றது. துணியெல்லாம் அடுக்கி, மேலே புது குக்கரையும் ஒரு பையில் வைத்திருந்தது. வழியெல்லாம் கண்ணாடியில் பார்த்தேன். அந்தப் பெண் கையை மடியில் வைத்துக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ஏரிக்கரையில் நல்ல கூட்டம். சுண்டல் விற்கிறவன்கூட வந்துவிட்டான். காற்று நன்றாக இருந்தது. மாப்பிள்ளை கயிற்றை இழுத்ததும் அந்தப் பட்டு விரிந்தது பாருங்கள், கரையில் நின்றவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம். வெயில் ஜரிகையில் பட்டுத் தண்ணீரெல்லாம் மின்னியது. பட்டு லேசல்லவா, படகு பறந்தது. பாதி ஏரி தாண்டிவிட்டார். முதலாளி சொன்ன சொல் தவறாமல் அப்புறம்தான் மோட்டாரைக் கிளப்பினார். அவரே ஓட்டினார். ரைஸ்மில்காரர் பக்கத்தில், நான் பின்னால் பெட்ரோல் கேனைப் பிடித்துக்கொண்டு. கொடி ஆரம்பிக்கும் இடம் வந்ததும் மோட்டார் முனகிற்று. முதலாளி தூக்கினார், இறக்கினார், திட்டினார். மாப்பிள்ளை எங்களுக்கு வெகுதூரம் முன்னால். ரைஸ்மில்காரரே, "பையன் அடிச்சுட்டான் மொதலாளி" என்றார்.

அப்போது ஒரு காற்று அடித்தது. பெரிய காற்று என்று சொல்ல முடியாது. தெறித்த தண்ணீரில் பாய் நனைந்திருந்தது. பார்டர் கனத்துக்கொண்டு ஒரு பக்கம் இழுத்தது, உடல் இன்னொரு பக்கம் போனது. கோர்வை விடவில்லை. அதை ஒட்டினாற்போல உடல் பட்டு சுற்றிலும் சரசரவென்று கிழிந்தது. கிழிந்தது காற்றோடு போய்த் தண்ணீரில் விழுந்தது. பாய்மரத்தில் பார்டர் மட்டும் நின்றது, கண்ணாடி இல்லாத ஜன்னல் மாதிரி. அதற்குள்ளே வானம் தெரிந்தது.

மாப்பிள்ளை துடுப்பை எடுத்து வலித்தார். கொடியில் துடுப்பு மாட்டியது. முதலாளி மோட்டாரைத் தூக்கிக்கொண்டு, கழியால் ஊன்றி ஊன்றி அவர் பக்கத்தில் வந்தார். தாண்டிப் போயிருக்கலாம். போகவில்லை. "ஒண்ணும் அடிபடலியேங்க மாப்ள?" என்று விசாரித்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "டேய், அந்தப் பட்டெல்லாம் ஒண்ணு விடாம பொறுக்குடா" என்றார். நான் எட்டி எட்டிப் பொறுக்கினேன். அதுவரைக்கும் மாப்பிள்ளை எங்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாம் பொறுக்கிய பிறகுதான் முதலாளி அக்கரைக்குப் போய்க் காலை வைத்தார். திரும்பும்போது மாப்பிள்ளையின் படகைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தோம். கூட்டம் கைதட்டியது, யாருக்கு என்று தெரியவில்லை. முதலாளி பெண் காரை விட்டு இறங்கவே இல்லை. வீட்டுக்குப் போனதும் அந்தப் பெட்டியை நான்தான் பின்பக்கமாக எடுத்துப் போய் வைத்தேன்.

கிழிந்த பாயை முதலாளி கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் கல்லாவுக்கு மேலே மாட்டினார். கல்லாவில் மாப்பிள்ளை. கல்யாணத்துக்குப் பட்டெடுக்க வருகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். "பாத்தீங்களாம்மா? காத்துல பட்டே கிழிஞ்சு போச்சு, நம்ம கோர்வை நிக்குது பாருங்க. மாப்ள, அந்தக் கதைய அம்மாவுக்கு நீங்களே சொல்லுங்க. நீங்க சொன்னாதான் நல்லா இருக்கும்" என்பார். மாப்பிள்ளை எழுந்து நின்று சொல்லுவார். முதலில் அங்கங்கே தடுமாறுவார். வருஷம் போகப் போக நன்றாகச் சொல்லக் கற்றுக்கொண்டார். எந்த இடத்தில் நிறுத்தினால் ஜனம் சிரிக்கும் என்று தெரிந்துகொண்டார். அந்தக் கதையாலேயே கடை வளர்ந்தது என்றுகூடச் சொல்லலாம்.

இப்போது முதலாளிக்கு வாதம் அடித்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. கடை, வீடு, தோப்பு எல்லாம் மாப்பிள்ளை கையில். முதலாளியைத் தூக்கி உட்கார வைக்க என்னைத் தவிர வேறு ஆளை மாப்பிள்ளை விடுவதில்லை என்பதால் நானும் கிழவனாகியும் அங்கேயே இருக்கிறேன். போன மாதம் முதலாளி பெண் கேட்டது என் காதில் விழுந்தது. "இப்பவாவது கடைய வித்துட்டு நாம பட்டணம் போயிடலாமே? இனிமே நம்மள யாரு கேக்கப் போறாங்க?" மாப்பிள்ளை சட்டை மாட்டிக்கொண்டே, "மாமாவ விட்டுட்டு எப்டிம்மா வரது?" என்றார். அந்தப் பெண் அவர் முகத்தைப் பார்த்தது. அப்புறம் அடுப்படிக்குப் போய்விட்டது.

ஏரி நிரம்பினால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாமனாரைப் பாய்மரப் படகில் ஏற்றிக்கொண்டு போகிறார். வெள்ளைப் பாய்தான். மெத்தை போட்டு, தலையணை வைத்து, நான் பிடித்துக்கொள்வேன். கரையில் நிற்கிறவர்கள் செல்போனில் படம் எடுக்கிறார்கள். "பெத்த புள்ளகூட இப்டி பாக்காதுபா" என்கிறார்கள்.

போன வாரம் நடு ஏரிக்குப் போனதும் காற்று நின்றுவிட்டது. நிற்கும் என்று தெரிந்த நேரத்தில்தான் கிளம்புகிறார் என்பது எனக்கு இப்போது புரிந்திருக்கிறது. உச்சி வெயில். மாப்பிள்ளை ஓர் இளநீரைச் சீவி, ஸ்ட்ரா போட்டு, மாமனார் வாயில் வைத்தார். குடித்து முடித்ததும் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் முதலாளியின் நல்ல கை படகு ஓரத்தைத் தட்ட ஆரம்பித்தது. எனக்கு அந்தத் தட்டல் தெரியும். ஒன்றுக்குப் போக வேண்டும் என்று அர்த்தம்.

"கரைக்குப் போன் பண்ணி மோட்டார எடுத்துக்கினு வரச் சொல்லட்டுங்களா?" என்றேன்.

"வேணாம் அண்ணே. அதுல போனா சட்டுனு போயிடும். மாமா வாரம் பூரா ரூம்புலயே கெடக்கறாரு, பாவம். கொஞ்ச நேரம் தண்ணிய பாக்கட்டும்."

என் காலடியில் துடுப்பு இருந்தது. நான் குனிந்தேன். "அதையும் எடுக்காதீங்க" என்றார், மெதுவாகத்தான். முதலாளியின் கண் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தது. தட்டுவது வேகமாயிற்று, அப்புறம் நின்றது. மெத்தை நனைந்து, சூடாக என் தொடைக்கும் வந்தது. மாப்பிள்ளை அதைப் பார்த்தார். துண்டை எடுத்து மாமனாரின் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டார். பிறகு அரிவாளை எடுத்து மூன்றாவது இளநீரைச் சீவினார்.

"இன்னும் கொஞ்சம் குடிங்க மாமா. வெயிலு ஜாஸ்தியா இருக்குது."

முதலாளி வாயைத் திறந்தார்.