ஏரி மண்ணில் வந்த முகம்

மல்லாந்து கிடந்த அந்த நாற்பதடி மண் உடம்பில், மூக்குதான் எனக்கு முதலில் நினைவு வருகிறது. அயனம்பாக்கத்தில் திரௌபதி அம்மன் திருவிழாவின் கடைசி நாளில் மண்ணால் துரியோதனனைச் செய்து தரையில் படுக்க வைப்பார்கள். பீமன் வேடக்காரர் அவன் தொடையில் அடித்துக் கொல்வார். உருவத்தைச் செய்பவர் என் சித்தப்பா. அம்பத்தூரில் ஆலை வேலை. திருவிழா வந்தால் லீவு போட்டுவிட்டு மண்ணில் இறங்கிவிடுவார். வைக்கோல் போட்டு மிதித்த மண்ணால் உடம்பு, முகத்துக்குச் சுண்ணாம்பும் காவியும் கரியும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடை. ஏரி அடிவரை வற்றிவிட்டது. வழக்கமான மேட்டு மண்ணை விட்டுவிட்டு, நடு ஏரியில் வண்டல் வெட்டி வந்தார் சித்தப்பா. வெண்ணெய் மாதிரி மண் என்று அவருக்கு ஒரே குஷி. முகத்தை முடித்ததும் குஷியெல்லாம் போய்விட்டது. வலப்பக்கம் கோணிய மூக்கு, ஏறின நெற்றி. அச்சு அசல் என் அப்பா.

அப்பா காணாமல் போய் அப்போது ஆறு வருடம். மழை நாளில் வேலை முடிந்து ஏரிக்கரை வழியே நடந்து வந்தவர் வீடு சேரவில்லை. பம்பாயில் எவளோடோ குடித்தனம் நடத்துகிறார் என்று ஊர் பேசியது. கேட்கவே காது கூசும். அம்மாவோ அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். எங்கேயோ உயிரோடு இருந்தால் போதும் அவளுக்கு.

"இன்னாப்பா இது? உங்கண்ணன் மூஞ்சிய எதுக்கு வெச்சிக்கீறே?"

"நான் வெக்கல அண்ணி. கை தானா போவுது."

இடித்துவிட்டு மறுபடி செய்தார். இந்த முறை மூக்கை வேண்டுமென்றே நேராக வைத்தார். வெயிலில் காயக் காய அது வலப்பக்கம் கோணிக்கொண்டது. என் கண்ணால் பார்த்தேன், கதை விடவில்லை. அதற்குள் மேளம் வந்துவிட்டது. "அடிக்க உடாதப்பா, அவருக்கு எதுனா ஆயிடும்" என்று அம்மா கும்பிட்டாள். யார் கேட்பார்கள்? அடி விழுந்தது. தொடையில் புதைத்திருந்த சட்டி உடைந்து சிவப்புத் தண்ணீர் பீறிட்டது.

அந்த மண்ணில் ஒரு பிடி கொண்டுபோனால் வீட்டில் நெல் குறையாது என்பார்கள். ஊரே பாய்ந்து அள்ளியது. அம்மா அள்ளவில்லை. சித்தப்பாவிடம் போய், "எங்கப்பா தோண்டினே?" என்று மட்டும் கேட்டாள்.

"நடு ஏரில அண்ணி. எலும்பு கெடச்சுது. மாட்டெலும்புனு நெனச்சி நெஞ்சுல போட்டு மூடிட்டேன்."

இன்று அந்த ஏரியைச் சுற்றி மாடி வீடுகள். காலையில் ஜனங்கள் கைவீசி நடக்கிறார்கள். சித்தப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை என்று எல்லாரிடமும் சொல்வேன். கொஞ்சம் உண்டு. மாட்டெலும்பாகவே இருந்திருக்கலாமே என்கிறான் என் மகன். இருக்கலாம். யார் சோதித்துப் பார்த்தார்கள்?

அன்று அம்மா நெஞ்சுப் பக்கத்து மண்ணை முந்தானை கொள்ளாமல் அள்ளிவந்து வீட்டுக்குள் வைத்தாள். பிறகு, எந்நேரமும் அவர் வரலாம் என்று ஆறு வருடமாக வெறுமனே சாத்தி வைத்திருந்த வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாள்.