பிரேமலாவின் முன்பல்

தங்காக் ஊரில் பட்டுச்சேலை வாங்கப் போகிறவர்கள் பிரேமலாவின் கண்ணுக்குத் தப்ப முடியாது. துணிக்கடையில் தலை நரைக்கும்வரை நின்றவள், பெரிய சந்தேகப் பிராணி. புதுச் சரக்கு வந்தால் ஜரிகையை நகத்தால் சுரண்டிப் பார்ப்பாள். கணவன் ராஜசேகரன் கேட்காமலே காப்பி கலக்கிக் கொடுத்தால், "என்ன பண்ணிட்டு வந்தீங்க?" என்பாள். பாவம், அந்த மனுஷன் பெரும்பாலும் ஒன்றும் செய்திருக்க மாட்டார்.

அப்படிப்பட்டவள் ஒருநாள் கடை ஏணியிலிருந்து விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டாள். பக்கத்து ஊரான மூவாரில் பல் டாக்டர் லோஷினி, எலும்பில் ஸ்க்ரூ பதித்து அதன்மேல் புதுப்பல் பொருத்தலாம் என்றாள். அதோடு நிறுத்தியிருந்தால் வம்பில்லை.

"ஆன்ட்டி, உங்க ஈறு ரொம்ப மெலிசு. மேல்வாயிலேருந்து கொஞ்சம் சதை எடுத்து அங்க வச்சுத் தச்சிடலாம். அப்பதான் பல்லு ரொம்ப நாள் நிக்கும்."

"போனது பல்லு. தைக்கிறது சதையா?"

"ஸ்க்ரூவ எலும்பு பிடிச்சுக்கும். அதச் சுத்திக் காவல் காக்குறது ஈறுதான் ஆன்ட்டி. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

காசு பிடுங்கப் பார்க்கிறாள் என்று பிரேமலா முடிவு கட்டிவிட்டாள். "ஒண்ணு வாங்க வந்தவங்க தலையில இன்னொண்ணக் கட்டுறது, கடைக்காரி எனக்குத் தெரியாதா?" என்று வீட்டில் பொரிந்து தள்ளினாள். தையல் வேண்டாம், பல்லை மட்டும் போடு என்று ஒற்றைக்காலில் நின்று காரியத்தைச் சாதித்தாள்.

பல் அச்சு அசலாக வந்தது. சிரித்துச் சிரித்தே வியாபாரம் பார்த்தாள். வருடா வருடம் சுத்தம் செய்ய வரச் சொன்னார்கள். அதுவும் தந்திரம்தான் என்று போகவில்லை.

சில வருடங்களில் பல் துலக்கும்போது ரத்தம் கசிந்தது. ஈறு விலகி, பல்லுக்கு மேலே சாம்பல் நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. அவளுக்கு ராஜசேகரன் வாங்கிய பேஸ்ட் மேல் சந்தேகம். பிரஷ் மேல் சந்தேகம். கடைசியில் டாக்டர் மேல். வாயைக் கையால் மறைத்துக்கொண்டே சேலை விற்றாள். பல் கழன்று விழுந்துவிட்டால் வாடிக்கையாளர் முகத்தில் எப்படி விழிப்பது என்று பயம். பொறுக்கமாட்டாமல் மூவாருக்குப் படையெடுத்தாள்.

"துருப்பிடிச்ச ஸ்க்ரூவப் போட்டு ஏமாத்திட்டீங்க!"

லோஷினி எக்ஸ்ரேயைக் காட்டினாள். "ஸ்க்ரூ நல்லாத்தான் இருக்கு ஆன்ட்டி. ஈறுதான் தாங்காம விலகி, அது வெளிய தெரியுது. இப்படியே விட்டா எலும்பும் கரைஞ்சு பல்லு போயிடும். சுத்தம் பண்ணிட்டு இப்பவும் தைக்கலாம். ஆனா அன்னிக்கே தச்ச மாதிரி வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

"யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்து வந்துவிட்டாள். சத்தியம் பண்ண மாட்டாளாமே! சரக்கை விற்கிற யாராவது இப்படிச் சொல்வார்களா?

மறுநாள் கடைக்கு ஒரு கல்யாணப்பெண் வந்து மெல்லிய பட்டு ஒன்றை எடுத்தாள்.

"அடியில ஃபால்ஸ் வச்சுத் தச்சிடலாம்மா" என்றாள் பிரேமலா. "இல்லாட்டி கரை தரையில உரசி நைஞ்சிடும்."

பெண் கண்ணைச் சுருக்கினாள். "சேல வாங்க வந்தா தையலுமா? வேணாம்லா ஆன்ட்டி. எல்லாக் கடையிலயும் இதே கததான்."

"ஐயோ, அலமாக்! உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்…" பாதியிலேயே நிறுத்தினாள் பிரேமலா. இதே வார்த்தையை மூவாரில் கேட்டிருக்கிறாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. வாயை மறைத்திருந்த கையை எடுத்து, மேலுதட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"இங்க பாரும்மா. நானும் தைக்க வேணாம்னுதான் சொன்னேன்."

பெண் அந்தச் சாம்பல் கோட்டைப் பார்த்தாள். பிரேமலாவை ஏற இறங்கப் பார்த்தாள். கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சேலையை மட்டும் வாங்கி நடையைக் கட்டினாள்.

அவள் கார் போகும்வரை வாசலில் நின்ற பிரேமலா, அங்கிருந்தே போன் போட்டாள்.

"டாக்டர், தச்சிடுங்க. ஆனா எவ்வளவு சதை எடுக்குறீங்கன்னு கண்ணாடியில எனக்குக் காட்டணும்."